ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மட்டுமல்ல, சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்று பல வீடுகளில் டிவிக்குப் பின்னால், இணையம் வழியாகப் படமும் சேனலும் காட்டும் ஒரு சின்னக் கறுப்பு பாக்ஸ் தொங்குகிறது. எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எத்தனை வருடம் உழைக்கும் என்று விவரம் சொல்ல ஊரில் ஆள் கிடைப்பதில்லை. கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இப்படி வாங்கியதில் இரண்டு வருடத்தில் எனக்கு 540 வெள்ளி (ரிங்கிட்) போனது. அதைவிட, ராத்திரி வேலை முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கண்ணீர் விட்ட நேரம் நிறைய. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கினேன். அந்த வார்த்தையை இப்போது நானே எழுதி வைக்கிறேன்.

எங்கள் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். முழங்கால் வலியால் இப்போது வெளியே அதிகம் போவதில்லை. அம்மா போன பிறகு டிவிதான் அவருக்குத் துணை. காலையில் பக்திப் பாட்டு, அப்புறம் தமிழ்ச் செய்தி, சாயங்காலம் பழைய படம். வீட்டில் இருப்பது 2014-இல் வாங்கிய 40 அங்குல ஃபுல் எச்டி டிவி. திரையில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் அதனுள் இருந்த செயலிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. யூடியூப் திறக்கவில்லை, மற்றவை "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று சொல்லிவிட்டன. இது எங்கள் டிவிக்கு மட்டும் வந்த கேடு இல்லை. சாம்சங்கின் 2010, 2011-ஆம் வருடத்து ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பரிலேயே நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை பத்து, பன்னிரண்டு வருடம் நன்றாக உழைக்கும், உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதனால் நல்ல திரை இருக்கும்போது புது டிவி வாங்கத் தேவையில்லை, தனியாக ஒரு பாக்ஸ் மாட்டினால் போதும் என்ற எண்ணம் சரியானதுதான். சிக்கல் எந்த பாக்ஸ் என்பதில்தான்.

டவுனில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் 420 வெள்ளிக்கு முதல் பாக்ஸ் கிடைத்தது. அட்டைப்பெட்டியில் 8கே, 128 ஜிபி, ஆண்ட்ராய்டு 12 என்று பளபளவென்று அச்சடித்திருந்தார்கள். "அக்கா, இது லைப்டைம்லா. ஒரு தடவ கட்டினா போதும், மாசா மாசம் ஒன்னும் கட்ட வேணாம். தமிழ்நாட்டுச் சேனல் எல்லாம் வரும்" என்றார் கடைக்காரத் தம்பி. வீட்டில் மாட்டியதும் எல்லாம் வரத்தான் செய்தது. அப்பாவுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அந்த ரிமோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதில் ஒரு அம்புக்குறி பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கணினியில் வருவது போல் திரையில் ஓர் அம்பு வரும். அதை மேலே கீழே நகர்த்திக் கொண்டுபோய்ச் சின்னச் சின்ன எழுத்துகளின் மேல் நிறுத்த வேண்டும். காலமெல்லாம் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அப்பாவின் கட்டை விரல் ஒரு அழுத்து அழுத்தினால் அம்பு அடுத்த மூலைக்கு ஓடிவிடும். திரும்ப இழுத்து வருவார், மறுபடியும் தாண்டிப் போகும். கடைசியில் ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "நீ வந்தப்புறம் பாத்துக்கிறேம்மா" என்பார். அந்த அம்பு வருவதற்கான காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த பாக்ஸில் இருந்தது டிவிக்கான ஆண்ட்ராய்டே இல்லை. கைத்தொலைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் உள்ள ஆண்ட்ராய்டை டிவியில் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பாக்ஸின் ரிமோட்டில் இப்படி அம்புக்குறி பொத்தான் இருந்தாலோ, உள்ளே இருக்கும் பிளே ஸ்டோர் உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பது போலவே தெரிந்தாலோ, அது கூகுளின் அங்கீகாரம் இல்லாத பாக்ஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடையிலேயே அதை டிவியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்து நெட்ஃபிளிக்ஸ். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம், இணையமும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முகங்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. இதற்கு வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை காரணம். அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 சான்று உள்ள சாதனத்துக்குத்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் எச்டி படத்தை அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் பழைய டிவிடி அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸ் தனியாகவும் சாதனங்களுக்கு அனுமதி தருகிறது. அட்டைப்பெட்டியில் 8கே என்று போட்டிருந்தாலும் இந்த இரண்டும் இல்லையென்றால் பயனில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, தீபாவளி நெருங்கும் நேரத்தில், சேனல்கள் மொத்தமாகப் போய்விட்டன. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போனால் "சர்வர் மாத்திட்டாங்க அக்கா, புது கோடு போடணும்" என்று 120 வெள்ளி கேட்டார்கள். பண்டிகைக்கு அப்பா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாமே என்று கொடுத்தேன். அதுவும் நிலைக்கவில்லை. அடுத்த முறை போனபோது கடையில் வேறு வியாபாரம் நடந்தது. ரசீது என்று அவர்கள் கொடுத்த துண்டுச் சீட்டில் கடையின் பெயர் கூட இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

"வாழ்நாள் முழுதும்" என்று விற்கப்படும் சேனல்கள் பெரும்பாலும் உரிமை இல்லாமல் திருடி ஒளிபரப்புபவை. அந்த சர்வர் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் 18-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இப்படிப்பட்ட ஒளிபரப்புக்கு உதவும் சாதனங்களை விற்பது, இறக்குமதி செய்வது, விநியோகிப்பது எல்லாம் குற்றம். 10,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளி வரை அபராதம், 20 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இவ்வளவு ஆபத்து தலைக்கு மேல் தொங்கும் ஒரு வியாபாரி பத்து வருடம் ஒரே இடத்தில் கடை நடத்தி உங்களுக்கு வாரண்டி தருவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? சட்டத்தை நினைத்துத் தயங்காதவர்கள் கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சேனல் போனது கூடப் பரவாயில்லை. ராத்திரியில் வீட்டு இணையம் காரணமில்லாமல் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஈப்போவில் கணினி வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ரௌட்டரைத் திறந்து பார்த்தான். டிவி அணைந்திருக்கும் நேரத்திலும் அந்த பாக்ஸ் ஓயாமல் எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. 128 ஜிபி என்று காட்டிய இடத்தில் கோப்புகளை ஏற்றிப் பார்த்தான். 7, 8 ஜிபி தாண்டியதும் எல்லாம் கெட்டுப்போயின. உள்ளே இருக்கும் அளவைப் பொய்யாகக் காட்டும்படி மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். "அக்கா, மொதல்ல பிளக்கைப் பிடுங்கு. அப்புறம் உன்னோட கூகுள் பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்து" என்றான். எனக்குக் கை நடுங்கியது. அதே கணக்கில்தான் என் வங்கிக் கடிதங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருந்தன.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற ரஷ்ய வைரஸ் தடுப்பு நிறுவனம் 'வோய்டு' என்ற கெட்ட மென்பொருளைப் பற்றி அறிவித்தது. 197 நாடுகளில் சுமார் 1.3 மில்லியன் ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் அது புகுந்திருந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகள் என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் மலேசியாவும் இருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' என்ற இதே போன்ற கெட்ட மென்பொருள் வலையைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே அதை நடத்துகிறவர்கள் மேல் கூகுள் வழக்குப் போட்டது. அங்கீகாரம் இல்லாத 10 மில்லியனுக்கும் மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியிருப்பதாகக் கூகுள் சொன்னது. சில பாக்ஸ்களில் இது நாம் வாங்கும் முன்பே உள்ளே ஏற்றப்பட்டிருக்கும். வேறு யாரோ செய்யும் மோசடி உங்கள் வீட்டு இணைய முகவரி வழியாகப் போகும். அப்பா பக்திப் பாட்டு கேட்கும் பாக்ஸ் வழியாக இது நடக்கலாம் என்று யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

அதன் பிறகு பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்டிக் (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகும் சின்ன சாதனம்) ஒன்றை இணையத்தில் 230 வெள்ளிக்கு வாங்கினேன். இது அசல்தான், கூகுள் அங்கீகாரமும் இருந்தது. படம் கண்ணாடி போல் தெரிந்தது. ஆனால் அடிக்கடி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. படம் விறுவிறுப்பாகப் போகும்போது திரை கறுத்துப்போய் நிறுவனத்தின் சின்னம் வரும். இதற்கு நான் கண்டுபிடித்த காரணம் பலருக்கு உதவும். இடம் மிச்சமாகட்டும் என்று ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருந்தோம். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியர்தான் தரும், 3.0 என்றால் 0.9. இந்த ஸ்டிக்குகளுக்குக் குறைந்தது 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டியதும் அந்தத் தொல்லை ஒரேயடியாக நின்றது. உங்கள் ஸ்டிக் இப்படி அணைந்து எழுந்தால், கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் இடம் நிறைந்துபோனது. 8 ஜிபி உள்ள சாதனத்தில் ஏறக்குறைய பாதியை அதன் மென்பொருளே எடுத்துக்கொள்ளும். நான்கைந்து செயலிகள் போட்டதும் மூச்சுத் திணற ஆரம்பிக்கும். பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, இருப்பவற்றின் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அவ்வப்போது துடைத்துத்தான் ஓட்ட முடிந்தது. அதோடு அது டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில், நம் ஊர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. கையை வைத்தால் சுட்டது. பெட்டிக்குள் ஒரு சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருக்கும். அதைப் பலர் வெளியே எடுப்பதே இல்லை. அதை மாட்டி ஸ்டிக்கை டிவிக்கு வெளியே தொங்க விட்டாலே சூடு நன்றாகக் குறையும்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தும், சில மாதங்களில் ரிமோட் இணைவதை நிறுத்திவிட்டது. விற்றவரிடம் கேட்டால் அது ஏபி செட்டாம். அதாவது உள்ளூர் விநியோகிப்பாளர் வழியாக வராமல் நேரடியாக இறக்குமதியானது. இங்கே வாரண்டி கிடையாது, வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார். விளம்பரத்தில் 'ஒரு வருட வாரண்டி' என்றுதான் போட்டிருந்தார். இந்த முறை நான் விடவில்லை. ஆர்டர் விவரம், விளம்பரத்தின் படம், பேச்சு வார்த்தை எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை உள்ள கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. விசாரணைக்கு முன்பே விற்றவர் 230 வெள்ளியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொகை சின்னதுதான், ஆனால் எனக்கு அது பெரிய தெம்பைக் கொடுத்தது. நம்மவர்கள் பலர் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். ரசீதும் ஆதாரமும் இருந்தால் இந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

மூன்றாவதாக வாங்கும் முன் நன்றாக விசாரித்தேன். கடையில் எல்லாரும் எத்தனை கே, எத்தனை ஜிபி என்றுதான் பேசுகிறார்கள். நான் கேட்கத் தொடங்கிய கேள்வி வேறு: இதைச் செய்தவர்கள் எத்தனை வருடம் மென்பொருளைப் புதுப்பித்துத் தருவார்கள்? என்விடியா ஷீல்டு என்ற பாக்ஸ் 2015-இல் வந்தது. அதற்கு 2025-லும் புதுப்பிப்பு கொடுத்தார்கள். அதே 2015-இல் வந்த ஆப்பிள் டிவி எச்டியும் பல வருடம் தொடர்ந்து புது மென்பொருள் பெற்றது. இரண்டுமே விலை அதிகம், நம் வரவுக்கு எட்டுவது கஷ்டம். ஆனால் விலையை வருடத்தால் வகுத்துப் பார்த்தால், வருடத்துக்கு ஒரு மலிவு பாக்ஸ் வாங்குவதைவிட அது ஒன்றும் மோசமில்லை. பெரிய நிறுவனம் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2015-இல் வந்த கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் சாதனம் 2025 மார்ச்சில் ஒரே நாளில் உலகம் முழுதும் நின்றுபோனது. பத்து வருடத்துக்கு முன் போட்ட டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். ஆனால் கூகுள் சில நாள்களில் திருத்தம் அனுப்பி அவற்றை மறுபடி ஓட வைத்தது. பெயரில்லாத பாக்ஸுக்கு அப்படி ஒன்று நடந்தால் திருத்தம் அனுப்ப யார் இருக்கிறார்கள்?

கடைசியில் ஈப்போவில் ஒரு பெரிய மின்சாதனக் கடையில், கூகுள் டிவி (டிவிக்கான ஆண்ட்ராய்டு) உள்ள, உள்ளூர் விநியோகிப்பாளர் வாரண்டியோடு வரும் நடுத்தர விலை பாக்ஸ் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் அங்கீகார ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஏவி1 என்ற வீடியோ முறையைத் தாங்குமா என்று கேட்டேன். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அந்தப் பக்கம்தான் போகின்றன, அது இல்லாத சாதனம் சீக்கிரம் பழசாகிவிடும். எங்கள் டிவி ஃபுல் எச்டி என்பதால் 4கே-க்காகக் கூடுதலாகக் கொடுக்க அவசியம் இல்லை. இணைய வேகமும் அப்படித்தான். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே-க்குத்தான் 15 வேண்டும். ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்துப் பார்த்தேன். பொத்தான்கள் குறைவு, அம்பு கிடையாது. உதிரி ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டு வைத்தேன், ஏனென்றால் முதலில் சாவது ரிமோட்தான். டிவியில் எச்டிஎம்ஐ சிஇசி வசதியைப் போட்டுவிட்டதால் ஒரே ரிமோட்டில் டிவியும் அணைகிறது, சத்தமும் கூடுகிறது.

ஒரு பெரிய இடிக்கு எங்கள் ரௌட்டர் கருகி 140 வெள்ளி போனது. அன்றைக்கு பாக்ஸ் தப்பியதற்கு அப்பாதான் காரணம். வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்திலிருந்து அவருக்குப் பழக்கம். ரௌட்டர் பிளக் அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் அவருக்கு எட்டவில்லை. இப்போது டிவி, பாக்ஸ், ரௌட்டர் மூன்றையும் மின்னல் பாதுகாப்பு உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் போட்டு, அதன் சுவிட்சை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். பலகை இருந்தாலும் இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் நிச்சயமான பாதுகாப்பு.

பழைய பாக்ஸை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தயவு செய்து தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளேயே ஏற்றப்பட்ட கெட்ட மென்பொருள் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. முதலில் உங்கள் கைத்தொலைபேசியில் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் அந்த பாக்ஸைத் தேடி வெளியேற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றிலும் அதே மாதிரி செய்யுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், வைஃபை கடவுச்சொல்லையும் சேர்த்து. அப்புறம் வயரைக் கழற்றி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.